எட்டு நிமிடம் முந்திச் சுருட்டிய கயிறு

பொன்னளத்தில் ஒரு நாள் என்பது ஐந்து சுற்று. காலை ஆறு மணிக்கு முதற்சுற்று தொடங்கும். பத்து மணி நாற்பத்தெட்டு நிமிடத்திற்கு அது முடிந்து, முடிந்த நொடியிலேயே இரண்டாம் சுற்று தொடங்கும். இவ்வாறு இரவும் பகலும் ஓயாமல் ஐந்து முறை சுற்றி முடிந்தால் மறுநாள் காலை ஆறு மணி. உப்பளத்துப் பெண்கள் முதற்சுற்று முடிந்ததும் உப்பு வாரும் பலகையைச் சாய்த்துவிட்டுக் கரையேறிக் கஞ்சி குடிப்பார்கள். இரண்டாம் சுற்று முடிந்தால் பள்ளிக்கூடம் விடும். பெண் பார்க்க வருகிறவர்களை மூன்றாம் சுற்றில் வரச்சொல்வார்கள். சாதகம் கணிப்பவர், குழந்தை எந்தச் சுற்றில், எத்தனையாவது கிலோமீட்டர்க் கல்லில் பிறந்தது என்று கேட்டே எழுதத் தொடங்குவார். சுற்றுவது சூரியனன்று, கடிகார முள்ளுமன்று. சுற்றுவது தவசிமுத்து.

இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், உப்பளச் சங்கத்தின் பொன்விழாவுக்காக நடந்த மாரத்தான் ஓட்டத்தில், சங்கத்து மைதானத்தின் பூவரச மரத்தடியிலிருந்து புறப்பட்ட நாற்பத்து மூன்று பேரில் அவனும் ஒருவன். மற்ற நாற்பத்திரண்டு பேரும் ஓடி முடித்தோ, வழியில் உட்கார்ந்தோ, வண்டியேறியோ அன்றே வீடு சேர்ந்தார்கள். அவன் மட்டும் சேரவில்லை. அதே காக்கி அரைக்கால்சட்டையும், அதே வெள்ளைப் பனியனும், நெஞ்சில் ஊக்குக் குத்திய துணியில் நாற்பத்து மூன்று என்ற எண்ணுமாக, அதே இருபத்தேழு வயதில், உப்பளக் கரை, கலங்கரை விளக்கம், மீனவர் குப்பம், பனங்காடு, நெடுஞ்சாலை, மீண்டும் பூவரச மரம் என்று நாற்பத்திரண்டு கிலோமீட்டரை அவன் ஓடிக்கொண்டே இருந்தான்.

முதல் வாரம் ஊர் பயந்தது. இரண்டாம் வாரம் சாலையின் குறுக்கே லாரியை நிறுத்திப் பார்த்தது. அவன் லாரியைச் சுற்றிக்கொண்டு போனான். மூன்றாம் வாரம் யாரோ ஒருத்தி செம்பில் தண்ணீர் நீட்டினாள். அவன் பாராமல் போகவே, கோபித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள். ஓடியதும் அவன் திரும்பிப் பார்த்துச் செம்பை வாங்கிக் குடித்தான். இவ்வாறுதான் நிற்பவர்கள் அவன் கண்ணுக்குத் தெரிவதில்லை, ஓடுகிறவர்களே தெரிகிறார்கள் என்பது ஊருக்குத் தெரிந்தது. ஓடி நின்றவர்களும் மூச்சிரைப்பு அடங்கும்வரை தெரிவார்கள். அடங்கியதும் பனைமரத்தோடு பனைமரமாகிவிடுவார்கள். அன்றுமுதல் தெருவுக்கொரு வீடு முறைவைத்து, செம்போடு அவன் பக்கத்தில் பத்தடி ஓடித் தண்ணீர் கொடுப்பது வழக்கமாயிற்று. புதுமணப்பெண்ணின் முதல் வேலையும் அதுதான். கொலுசு கழன்று விழ ஓடிய மருமகளைப் பற்றி மாமியார்கள் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள்.

அவனுடைய தாய் இறந்தபோது, நான்கு பேர் பாடையைத் தோளில் தூக்கிக்கொண்டு, பறை அடித்தவர்களும் மாலை சுமந்தவர்களும் உடன் ஓட, மகன் கண்ணில் தாய் ஒருமுறை படவேண்டும் என்று கால் மைல் தூரம் அவனோடு ஓடினார்கள். அவன் பாடையைப் பார்த்தான், வழியில் எதிர்ப்பட்ட யாருடைய சாவுக்கோ கைகூப்புவதைப்போல ஒருமுறை கைகூப்பினான், ஓடினான். சுற்று முடிந்து பூவரச மரத்தைத் தாண்டியதும் அதையும் மறந்தான், ஒவ்வொரு சுற்றையும் மறப்பதைப்போல.

அந்தப் பூவரச மரத்தடிதான் ஊரார் பார்க்க விரும்பாத இடம். சுற்று முடியும் நொடியில், மரத்தை நெருங்கும்போது, அவன் கைகளை லேசாக விரித்து, நெஞ்சை முன்னால் தள்ளி, வலப்பக்கம் யாரையோ தேடிப் பார்ப்பான். அங்கே ஒன்றும் இராது. அவன் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போகும். மறுபடியும் முதல் அடியை எடுத்து வைப்பான். அந்த நொடியில் மைதானத்தில் இருப்பவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கற்றுக்கொடுக்காமலே குழந்தைகளும் திருப்பிக்கொண்டன.

ஜெயகனி பொன்னளத்துக்குப் போஸ்ட்மாஸ்டராக மாற்றலாகி வந்தபோது அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபத்தெட்டு ஆண்டுகளாக அவள் இந்த ஊரை மிதிக்கவில்லை. தந்தையின் சாவுக்குக்கூடத் தூத்துக்குடியிலேயே இருந்து அழுதாள். கணவர் நல்லவர், நான்கு ஆண்டுகளுக்கு முன் காலமானார். மாற்றல் உத்தரவை அவள் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை.

அவள் யாரென்று ஊருக்குத் தெரியும். சங்கத்தில் உப்புப் பாத்தி அளந்த சண்முகவேலின் மகள் அவள். பொன்விழா ஓட்டத்தில் முடிவுக் கயிற்றின் ஒருமுனையைப் பூவரச மரத்தில் கட்டி, மறுமுனையை அவள் கையில் கொடுத்திருந்தார்கள். கயிறென்றால் தனிக் கயிறன்று. பாத்தி அளக்கும் சங்கத்து அளவுக்கயிறுதான். கடைசி ஆள் வரும்வரை கயிற்றை விடக்கூடாது என்பது ஏற்பாடு. முந்தின நாள் தவசிமுத்து அவளிடம் சொல்லியிருந்தான்: நான் கடைசியாகத்தான் வருவேன், ஆனால் வருவேன்; உன் கையிலிருக்கும் கயிற்றை நெஞ்சால் தள்ளிவிட்டு, அந்த வேர்வையோடே உன் அப்பாவிடம் போய்ப் பெண் கேட்பேன். பம்புசெட்டு மெக்கானிக் ஒருவன் அளவர் வீட்டில் பெண் கேட்பதற்கு அந்த அளவு துணிச்சலாவது தேவைப்பட்டது.

ஓட்டத்தன்று பத்தரை மணிக்கு நாற்பத்திரண்டு பேரின் கணக்கும் முடிந்துவிட்டது. வெயில் ஏறிற்று. கூட்டம் கலைந்தது. புதுப்பாத்தி அளக்க வேண்டும் என்று சங்கத்து எழுத்தர் கயிற்றைக் கேட்டார். சார்ஜாவில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையின் வீட்டார் வந்து வீட்டில் காத்திருப்பதாகத் தந்தை ஆளனுப்பினார். யாரும் அவளை அடிக்கவில்லை, மிரட்டவில்லை, இழுத்துப்போகவில்லை. அவன் எங்கேனும் உட்கார்ந்திருப்பான் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மரத்திலிருந்து முடிச்சை அவிழ்த்தாள். கயிற்றை முழங்கையில் வளைத்துச் சுருட்டி, எழுத்தரிடம் கொடுத்தாள். அப்போது மணி பத்து நாற்பது.

மாற்றலாகி வந்த முதல் வாரம் அவள் அஞ்சலகத்தின் சன்னலைச் சாத்தியே வைத்திருந்தாள். இரண்டாம் வாரம் தெருவின் முறை அவள் வீட்டுக்கு வந்தது. பக்கத்து வீட்டு வடிவு, உப்பளத்தில் வேலை செய்யும் நாற்பது வயதுக்காரி, செம்பை அவள் கையில் வைத்தாள். ஜெயகனி பத்தடி ஓடினாள். அவன் அவளைப் பார்த்தான், வாங்கிக் குடித்தான், செம்பைத் திருப்பிக் கொடுத்தான்.

“தண்ணிக்கு நன்றிக்கா” என்றான்.

அவள் செம்போடு நெடுநேரம் சாலையோரத்தில் நின்றாள். மறுநாள் விடியலில் வடிவின் கதவைத் தட்டி, தனக்கு ஓடக் கற்றுத்தர முடியுமா என்று கேட்டாள்.

வடிவுக்கு மாரத்தான் தெரியாது, உப்பளம் தெரியும். வெயிலில் நாள் முழுவதும் உப்பு வாருகிறவள் எவ்வாறு மூச்சை வீணாக்காமல் வைத்திருப்பாளோ அவ்வாறு வைத்திருக்கச் சொல்லிக்கொடுத்தாள்: வாயை மூடிக்கொள்ள வேண்டும், தோளைத் தொங்கவிட வேண்டும், முடியப்போகும் பாத்தியைப் பார்க்காமல் முன்னாலிருக்கும் பலகையை மட்டும் பார்க்க வேண்டும். உப்பும் நீராகாரமும் கலந்து குடிக்கக் கொடுத்தாள். ஜெயகனி சேலையை விட்டுச் சுடிதாரும் கான்வாஸ் காலணியுமாகப் பாத்திவரப்பில் ஓடினாள், விழுந்தாள், முழங்கால் வீங்கிற்று, வீக்கம் வடிந்ததும் ஓடினாள். செல்லையாவின் டீக்கடையில் அது ஒரு மாதப் பேச்சாயிற்று.

“தந்திய நிறுத்தி எத்தனையோ வருசமாச்சே. போஸ்ட்மாஸ்டரம்மா யாருக்குக் கொண்டு ஓடுதாங்க?” என்று செல்லையா கேட்டார்.

“போய்ச் சேராத தந்தி ஒண்ணு கெடக்கு அண்ணாச்சி. நீரு டீய ஆத்தும்” என்றாள் வடிவு.

ஒரு கிலோமீட்டர் உடன் ஓட முடிந்தபோது, உங்களைப் பார்த்தால் எனக்குத் தெரிந்த ஒருத்தியின் அம்மாவைப்போல இருக்கிறது என்றான் அவன். மூன்று கிலோமீட்டர் ஓட முடிந்தபோது, அவளின் பெரியம்மாவாக இருக்குமோ என்றான். ஏழாவது கல்லை அவள் முதன்முறையாக எட்டிய நாளில், கலங்கரை விளக்கத்தின் நிழலில், களைப்பு மிகுந்து, பெருவிரலை மற்ற விரல்களுக்குள் பொத்திக்கொண்டாள். சிறுவயதிலிருந்தே களைத்தால் அவள் அப்படித்தான் பொத்திக்கொள்வாள். அவன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு அவள் முகத்தைப் பார்த்தான். நரையையும் கண்ணோரச் சுருக்கங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, அவற்றைக் கடந்து, உள்ளே வந்து சேர்ந்தான்.

“கனி” என்றான். மகிழ்ந்தான். உடனே அவன் நெற்றி சுருங்கிற்று. “நீ இங்க வந்துட்டா, கயித்த யாரு பிடிச்சிருக்கா?”

அவளுக்கு மூச்சு முட்டிற்று. நின்றுவிட்டாள். அவன் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓடினான். அவளுடைய இரைப்பு அடங்கியதும் பார்ப்பதை நிறுத்தினான்.

அதன்பின் அவர்களுடைய காதலின் நீளம் அவளுடைய மூச்சின் நீளமாயிற்று. அவள் எத்தனை கல் ஓட முடிந்ததோ அத்தனை கல் அவள் அவனுக்கு உண்டு, அதற்குமேல் இல்லை. நாள்தோறும் அவன் அவளை அக்கா என்று தொடங்கினான். நாள்தோறும் ஏழாவது கல்லில் அவளைக் கண்டுபிடித்தான். எட்டாவது கல் தாண்டினால் மீனவர் குப்பத்துக் காற்றில் அவர்கள் இருவரும் இருபத்தேழும் இருபத்துநான்குமாக இருந்தார்கள். பம்புசெட்டுக்கு வால்வு மாற்ற வேண்டும் என்று சொல்வான். உன் அப்பாவுக்கு என் மீசை பிடிக்குமா என்று கேட்பான். ஞாயிறுதோறும் அவள் இன்னும் தொலைவு போனாள். பனங்காடு வரை, நெடுஞ்சாலை வரை. முடியாத இடத்தில் நின்று, மினிபஸ் ஏறித் திரும்பினாள். பஸ்ஸில் அவளிடம் யாரும் டிக்கெட் கேட்கவில்லை. எத்தனை கல் என்று மட்டும் கேட்டார்கள்.

கயிற்றைப் பற்றியும் அவள் சொன்னாள். இருபதாவது கல்லில் ஒருமுறை, முப்பதாவது கல்லில் பலமுறை, எட்டு நிமிடம் முந்திச் சுருட்டிவிட்டேன் என்று சொன்னாள். போகட்டும் விடு என்பான் அவன், வெயிலில் உனக்கும் கால் கடுத்திருக்கும் என்பான். அவள் மனம் ஆறிவிடும். மறுநாள் ஏழாவது கல்லில் அவன் கேட்பான்: கயித்த யாரு பிடிச்சிருக்கா? அவள் நூறு முறை மன்னிக்கப்பட்டாள். ஒரு மன்னிப்பும் பூவரச மரத்தைத் தாண்டவில்லை.

ஆயினும் அவள் அதையும் சகித்துக்கொண்டிருந்திருப்பாள். காலையில் ஒருவன் தன்னைப் புதிதாய்க் கண்டு மகிழ்வதற்காக எழுந்திருப்பது, ஐம்பத்திரண்டு வயதில், சிறிய காரியமன்று. சாகும்வரை இப்படியே ஓடிவிடலாம் என்றுகூட எண்ணினாள்.

மார்கழி முதல் ஞாயிற்றில் அவளால் முழுச்சுற்றும் ஓட முடிந்தது. கடைசிக் கல்லைத் தாண்டி, மைதானத்துக்குள் நுழைந்து, பூவரச மரத்தை நெருங்கும்போது அவள் அவன் தோளருகே இருந்தாள். ஊர் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அவள் திருப்பவில்லை, திருப்ப வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. அவன் கைகளை விரித்தான், நெஞ்சைத் தள்ளினான், வலப்பக்கம் தேடினான். நாற்பத்திரண்டு கிலோமீட்டர் உடன் ஓடி வந்தவள் இடப்பக்கம் இருக்க, வலப்பக்கம் தேடினான். சந்தையில் தாயின் விரலை நழுவவிட்ட பிள்ளை, இன்னும் அழத் தொடங்காமல், முதல் தடவை சுற்றிப் பார்க்குமே, அந்த முகம். அந்த முகம் ஒரு நாளைக்கு ஐந்து முறை, இருபத்தெட்டு ஆண்டுகளாக அவளைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

பிறகு அவன் அவள் பக்கம் திரும்பி, “நீங்களும் ஓடுதீங்களாக்கா?” என்று கேட்டு, முதல் அடியை எடுத்து வைத்தான்.

அன்று மாலை அவள் சங்கத்துக்குப் போய் அளவுக்கயிற்றைக் கேட்டாள். இப்போது பாத்தியைக் கருவி வைத்து அளக்கிறார்கள். கயிறு சாமான்கள் போட்டுவைக்கும் கிட்டங்கியில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எதற்கு என்று தலைவர் கேட்டார். முடித்துவைக்க என்றாள் அவள்.

கூட்டம் கூட்டினார்கள். யாரும் மறுக்கவில்லை, கேட்டார்கள், அவ்வளவுதான். பலகையை எப்போது சாய்ப்பது? பள்ளிக்கூடத்தை எப்போது விடுவது? பிறக்கிற குழந்தைக்கு எதை வைத்து எழுதுவது? அவன் ஓடுவதால் யாருக்கு என்ன கெட்டுவிட்டது என்று செல்லையா கேட்டார். கைக்கடிகாரங்கள் எல்லா வீட்டிலும் இருந்தன. ஒன்றையும் ஊர் நம்பவில்லை.

வடிவு எழுந்தாள். “அவனும் ஒரு தாய் பெத்த புள்ளதான? நமக்கு மணி காட்டவா பெத்துப் போட்டா? பத்தடி ஓடித் தண்ணி குடுத்தோமே, ஒருநாளாவது ஒக்காருடான்னு சொல்ல ஓடுனோமா?”

கயிற்றைக் கொடுத்தார்கள்.

அடுத்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஜெயகனி அவனோடு புறப்பட்டாள். செய்ய வேண்டியது அவளுக்குத் தெரியும். கயிறு நிற்க வேண்டும். கயிற்றைப் பிடிப்பவளும் நிற்க வேண்டும். நிற்பவளை அவன் காண மாட்டான். ஆகவே முழுத்தொலைவும் ஓடி, கடைசியில் அவனை முந்திப்போய் நின்று, அவள் மூச்சு அடங்குவதற்குள் அவன் வந்து சேர வேண்டும். குறுக்கே புகுந்து சிறிது தொலைவு ஓடினால் அந்த மூச்சு போதாது. முழுச்சுற்றின் இரைப்பே வேண்டும். வடிவு கயிற்றின் ஒருமுனையை மரத்தில் கட்டிவிட்டு, மறுமுனையைத் தரையில் வைத்துவிட்டு விலகிக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள்.

ஏழாவது கல்லில் அவன் அவளைக் கண்டுபிடித்தான். கயிற்றை யார் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்டான். “நான்தான். வருவேன்” என்றாள். அதன்பின் அவள் அவனைப் பேசவிட்டுக் கேட்டுக்கொண்டே ஓடினாள், வால்வைப் பற்றியும் மீசையைப் பற்றியும், இனிக் கேட்க மாட்டோம் என்று தெரிந்த ஒவ்வொரு சொல்லையும். பனங்காட்டில் அவள் இடுப்பு பிடித்துக்கொண்டது. நெடுஞ்சாலையில் கால்நகம் ஒன்று பிய்ந்து காலணிக்குள் ஈரமாயிற்று. நாற்பத்தோராம் கல்லில் அவள் அவன் முகத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்தாள், பார்த்துவிட்டு, முந்தினாள்.

முன்னூறு அடி முந்திப்போய்க் கயிற்று முனையை எடுத்து, முறுக்கிப் பிடித்து, திரும்பி நின்றாள். நெஞ்சு உலைத்துருத்தியைப்போல ஏறி இறங்கிற்று. மைதானத்தின் மறுமுனையில் அவன் நுழைந்தான், அவளைக் கண்டான், கயிற்றைக் கண்டான், அவன் முகம் மலர்ந்தது. அப்போதுதான், அவள் எண்ணிப்பாராத ஒன்று நடந்தது. ஆறு மாதம் வடிவு பழக்கிய நெஞ்சு அது. நின்ற மாத்திரத்தில் அடங்கக் கற்றுக்கொண்ட நெஞ்சு. இரைப்பு அடங்கத் தொடங்கிற்று. அவன் இன்னும் நூறடி தொலைவில் இருந்தான். அவன் கண்கள் அவள்மேல் நிலைகொள்ளாமல் அலையத் தொடங்கின. பெருமூச்சு விட்டுப் பார்த்தாள். மூச்சை யாரும் ஏமாற்ற முடிவதில்லை. அவன் கைகள் விரிந்தன. வலப்பக்கம் பார்த்தான். அந்த முகம் வந்தது.

நேர் எதிரே நின்று அந்த முகத்தைப் பார்த்தபோது ஜெயகனிக்கு அழுகை வந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளாக எங்கேயோ நின்றுகொண்டிருந்த அழுகை அது. கணவர் இறந்தபோதும் இப்படி அழுததில்லை. விம்மி, விக்கி, தோள் குலுங்க அழுதாள். நெஞ்சு மறுபடி ஏறி இறங்கிற்று, ஓடியபோது இறங்கியதைவிட ஆழமாக. அவன் கண்கள் அவள்மேல் வந்து நின்றன.

கயிறு அவன் நெஞ்சில் பட்டது. அவள் விட்டாள். இப்போது விடலாம்.

தவசிமுத்து நாலடி தள்ளாடி, நின்றான். ஊர் முழுவதும் அதைப் பார்த்தது. ஒருவரும் முகத்தைத் திருப்பவில்லை. அவன் மெதுவாக மரத்தடியில் உட்கார்ந்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“ரொம்பப் பிந்திட்டேனோ கனி?” என்று கேட்டான்.

“இல்ல. நான்தான் முந்திட்டேன்.”

அவன் சிரித்தான், போகட்டும் விடு என்றான், தண்ணீர் கேட்டான். வடிவு பழக்கத்தால் செம்போடு ஓடிவந்தாள். ஆனால் இப்போது நின்றவன் அவன். நின்றவர் மூச்சிரைப்பு அடங்கும்வரைதான் தெரிவார் என்று ஊருக்குத் தெரிந்த அதே விதி அவனுக்கும் உண்டு. அவன் இரைப்பு சிறிது சிறிதாகத் தணிந்தது. தணியத் தணிய அவன் பனியனின் ஊடே மரத்தின் பட்டை தெரிந்தது. பத்தடியும் ஓடி முடித்து வடிவு வந்து சேர்ந்தபோது, மரத்தில் சாய்ந்திருந்த ஈரம் ஒன்று வெள்ளையாக உப்புப் பூத்துக்கொண்டிருந்தது.

சங்கம் நேரம் அறிவிக்க ஒரு மின்சங்கு வாங்கி மாட்டிற்று. அது ஒருநாள் முந்தி ஊதும், ஒருநாள் பிந்தி ஊதும். உப்பளத்துப் பெண்கள் அதைத் திட்டிக்கொண்டே பலகையைச் சாய்க்கிறார்கள். அளவுக்கயிறு ஆணிக்குத் திரும்பிவிட்டது.

ஜெயகனி இன்னும் ஓடுகிறாள். விடியலில், தனியாக, பாத்திவரப்பில், முடிந்த தொலைவு. ஓடி முடித்து நேரே பூவரச மரத்தடிக்கு வந்து, மூச்சிரைக்க, சற்று இடம் விட்டே உட்காருகிறாள். இரைப்பு அடங்கும்வரை, விட்ட அந்த இடத்தின் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டிருக்கிறாள். சில நாள் சிரிக்கவும் செய்கிறாள். அந்நேரம் மைதானத்தைக் கடந்து போகிறவர்களுக்கு அங்கே அவளைத் தவிர யாரும் தெரிவதில்லை. ஆயினும் அவர்கள், மரத்தை நெருங்கியதும், முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.